உறைபனியும் கொழுந்தும்

எங்கள் தம்பிலுவிலில் உறைபனி விழுவதில்லை. மாரி ஓய்ந்த தை மாதத்து விடியலில் வயல்வெளிக்கு மேலே வெண்மூட்டமாய்ப் பனி நிற்கும். வரம்பில் நடந்தால் சாரத்தின் கரை நனையும். அவ்வளவுதான். ஆனால் நமது நாட்டிலும் உறைபனிக் காலைகள் உண்டு. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்த இரவுகளில், நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானுக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து போகிறது. பாரமான குளிர்காற்று பள்ளங்களில் வந்து தேங்குகிறது. விடியும்போது புல்லும் தேயிலையும் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். பத்திரிகைகள் இதைத் 'துகள் உறைபனி' என்று எழுதும். இதைப் பார்க்கவென்றே தூர இடங்களிலிருந்து வாகனங்கள் வரும்.

ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய எனக்கு முதல் நியமனம் அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் கிடைத்தது. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு அந்த வெண்மை பெரும் வியப்பு. ஒருநாள் காலையில், கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம், "எவ்வளவு வடிவா இருக்கு அக்கா" என்றேன்.

"அழகாத்தான் இருக்கு சார். வெயில் ஏறட்டும், கொழுந்தெல்லாம் கருகிரும்" என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞானம். உறைபனியில் இளந்தளிரின் கலங்கள் சிதைகின்றன. வெயில் பட்டதும் தளிர் கருகுகிறது. புதுத்துளிர் வர வாரக்கணக்காகும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகும். அதாவது நாட்கூலியில் பாதி.

ஒருவரின் கூலியைக் கருக்கும் ஒன்றை இன்னொருவர் அழகென்று ரசிப்பது தகுமா என்பதே என் கேள்வி.

அழகு தரும் இன்பம் இலாப நட்டம் சாராதது என்று ஜேர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1790இல் எழுதினார். இதை அரைகுறையாக விளங்கிக்கொண்டால், இழப்பதற்கு ஏதுமில்லாத உல்லாசப் பயணிக்கே அழகு சொந்தம் என்றாகிவிடும். நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் மறுபக்கம் நின்று, வயிறு காய்ந்தவனுக்கு அழகு எதற்கு என்பார்கள். இரண்டு கட்சியும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: கொழுந்து பறிப்பவருக்கு அழகு தெரியாது என்று இரண்டுமே முடிவு கட்டிவிடுகின்றன.

ஆனால் அந்த அக்கா முதலில் சொன்னது "அழகாத்தான் இருக்கு" என்பது. நட்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்தபின்னும் அழகை அழகென்றார். அப்படிப் பார்த்தால் காண்ட் சொன்னதற்கு உல்லாசப் பயணியைவிட அவரே நல்ல சாட்சி. அதேவேளை அழகென்று சொன்னதற்காக நட்டத்தை அவர் மறைக்கவுமில்லை. இழப்பு அவர் கண்ணை மூடவில்லை; அழகு அவர் வாயை மூடவில்லை.

எங்கள் ஊரிலும் இதுதான் கதை. பனியில் நெல்லிலை நெடுநேரம் நனைந்திருந்தால் எரிபந்தம் பற்றும் என்று விவசாயிக்குத் தெரியும். அந்தப் பனியின் வடிவும் அவருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் இந்த நாட்டில் அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்திலிருந்துதான். இன்றும் எங்கள் பிள்ளைகள் சித்திரப் பாடத்தில் கடலைத்தான் நீலமாகத் தீட்டுகிறார்கள். தீட்டாதே என்று எந்த ஆசிரியர் சொல்வார்?

ஆகவே அழகைக் காண்பது குற்றமல்ல. பாதி பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதே குறை என்பது என் அபிப்பிராயம். விடியலில் வெண்மையைப் படம் பிடிக்க வருபவர், வெயில் ஏறும்வரை அங்கேயே நிற்கட்டும். இலை கருகுவதையும், அன்று மாலை தராசில் கொழுந்து நிறுக்கப்படுவதையும் அவர் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் அந்தக் காலை அழகாயிருந்தது என்று அவர் சொன்னால், நான் நம்புவேன்.