வினைமுற்று வரை

தமிழில் வாக்கியத்தின் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. “இக்கருத்து ஏற்புடையது” என்பதற்கும் “ஏற்புடையதன்று” என்பதற்கும் நடுவே இருப்பது அரை மூச்சு. ஆய்வரங்குகளில் மாணவிகள் கட்டுரை வாசிக்கும்போது பெரும்பாலும் அந்த அரை மூச்சுதான் தீர்ந்துபோகிறது. தொடக்கம் தெளிவாகக் கேட்கிறது, முடிவு தொண்டைக்குள் போய்விடுகிறது. அவள் மறுத்த கருத்தையே அவள் சொன்னதாக அவை எடுத்துக்கொள்கிறது.

இதைக் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். வீட்டில் “மெதுவாப் பேசு”, மேடையில் “சத்தமாப் பேசும்மா”, எதிர்க்கேள்வி கேட்டால் “ஏன் இவ்வளவு கோபம்?” மூன்றையும் கேட்டு வளர்ந்தவள் எந்தக் குரலில் பேசுவாள்? மைக்கும் ஆண் உயரத்தில் நிற்கிறது. தாடையைத் தூக்கிப் பேசினால் கழுத்து இறுகும், குரல் கீச்சிடும். மைக்கை இறக்க இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடி அவையைக் காக்க வைக்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சரி, குரலையே மாற்றிக்கொள்ளலாமா? மார்கரெட் தாட்சர் 1970களில் பயிற்சி எடுத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பேசும்போது ஆணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 120 முறை அதிர்கின்றன. பெண்ணுடையவை சுமார் 200 முறை. தாழ்ந்த ஒலிதான் அதிகாரம் என்று பழகிய காதுகளுக்காக அவர் தன்னைத் திருத்திக்கொண்டார். அவருக்குப் பலன் கிடைத்தது. காதுகள் அப்படியேதான் இருந்தன; அடுத்து வருகிறவளும் அதே விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூச்சை இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். மூச்சுப் பழகுவது இன்னொருவர் குரலை வாங்குவது ஆகாது. என் மாணவிகளிடம் கட்டுரையில் ஒவ்வொரு வினைமுற்றுக்கு முன்பும் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்கிறேன். அங்கே நின்று, மூச்செடுத்து, பிறகு சொல். நீளமான வாக்கியத்தை இரண்டாக உடை. “ஆய்வாளர் கருதுகிறார்” என்று எழுதியிருந்தாலும் வாசிக்கும்போது “நான் கருதுகிறேன்” என்று சொல். (நெறியாளர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. பரவாயில்லை.)

பாண்டியன் அவையில் கண்ணகி ஊரைச் சொல்கிறாள், கணவனைச் சொல்கிறாள், தன் பெயரைச் சொல்கிறாள், சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்கிறாள். கச்சிதமான வழக்குரை. ஆனால் அவள் அவையில் வாய் திறக்கும் முன்பே வாயிற்காவலன் அவள் கொற்றவை அல்லள், காளி அல்லள், ஆனால் சினம் கொண்டவள் போல் இருக்கிறாள் என்று அஞ்சி அஞ்சி அறிவித்துவிடுகிறான். நாமும் அவன் சொன்னதைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம், கோபத்தை.

போன பருவத்தில் ஒரு மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் தன் கருத்தை நீளமாகச் சொல்லிவிட்டு, “அப்படித்தானேம்மா?” என்றார். அவள் தாளைப் பார்க்கவில்லை. மூச்செடுத்தாள். “அதை நான் ஏற்கவில்லை ஐயா.” கடைசி வரிசைவரை கேட்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.