சந்தேகப்படத் தெரிய வேண்டும்

சந்தேகம் கெட்ட குணம் என்று சிறு வயதிலிருந்தே நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது குடியைக் கெடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சந்தேகமே படாதவனால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக்கூடப் பழுது பார்க்க முடியாது. அப்படியானால் சந்தேகம் நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது ஒரு கார்புரேட்டர்.

சாந்தோமில் எங்கள் சந்தில், உப்புக்காற்றுக்கு ஈடுகொடுத்துக்கொண்டு ஒரு புல்லட் நிற்கிறது. என் தகப்பனார் ஓட்டிய வண்டி. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் உருவான பரம்பரையைச் சேர்ந்தது அது. 2020-இல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புதிய புல்லட்டுகளில் கார்புரேட்டர் கிடையாது. மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து தெளித்துவிடுகிறது. என் வண்டியோ இன்னும் காற்றை நம்பித்தான் மூச்சுவிடுகிறது. எஞ்சின் காற்றை இழுக்கிறது; காற்று குறுகிய கழுத்தில் விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; கீழே மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஊசிமுனைத் துளையான ஜெட் வழியே மேலேறிக் கலக்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று. இந்தக் கணக்கு தவறினால் வண்டி முரண்டு பிடிக்கும்.

சென்ற ஆண்டு, எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் அந்தக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தான். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் நிறுத்தத்தில் நிற்கும்போது எஞ்சின் தானாகச் சீறும். பிறகு தானாக அணையும். ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்ஸரில் பட்டாசு வெடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சுண்ணாம்பு தடவியது போல் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்பது தெரிந்தது.

போதாமல் செய்தது யார்? எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. கடைக்குப் போய், "தம்பி, உள்ளே இருந்த பழைய ஜெட்டை எடுத்துக்கொண்டு மட்டமான ஜெட்டைப் போட்டுவிட்டாயா?" என்று கேட்டேன். இரண்டு வாடிக்கைக்காரர்கள் அங்கே நின்றிருந்தார்கள்.

"நான் எதையும் மாத்தல சார்" என்றான். அதற்குமேல் பேசவில்லை. அந்த மௌனத்தையும் நான் அவனுக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஜெட், ஊசி, மிதவை எல்லாம் புதிதாக வாங்கி வந்து ஒரே நாளில் மாற்றினேன். சீற்றமும் வெடியும் அப்படியே இருந்தன. அப்போதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. மூன்றையும் ஒன்றாக மாற்றியபின் வண்டி சரியாகியிருந்தால் எது குற்றவாளி என்று தெரிந்திருக்காது. சரியாகாதபோது எது நிரபராதி என்றும் தெரியவில்லை, புதியவற்றிலும் பழுது இருக்கலாமே! ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். ஆத்திரக்காரனுக்கு அது எங்கே இருக்கிறது?

கடைசியில், ராயப்பேட்டைப் பக்கம் பழைய வண்டிகளுக்கே வைத்தியம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் கார்புரேட்டரைத் திறக்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். சீறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நிதானத்துக்கு வந்தது. எண்ணெய் உள்ளே போனதும் மறுபடி சீறியது.

"இந்த நட்டை யாருங்க இவ்வளவு முறுக்கினது?"

எனக்கு வியர்த்துவிட்டது. முறுக்கியது நான்தான். வண்டி வந்த இரண்டாம் நாள் இரவு, அந்த மூட்டில் ஈரம் கசிவதுபோலத் தோன்றவே, நீண்ட ஸ்பானரைப் போட்டுப் பலம் கொண்டமட்டும் இறுக்கியிருந்தேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துக் காட்டினார். இரண்டு காதுகளும் முன்னால் வளைந்து, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கில் திருட்டுக் காற்று நுழைந்துகொண்டிருந்தது. கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து, முகம் சமமாகும்வரை தேய்த்தார். புதுப் பேக்கிங் வைத்து, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி, அளவாக முடுக்கினார். அவ்வளவுதான்.

திரும்பும்போது சாந்தோம் தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன தோமையாரின் பெயரால் வழங்கும் ஊர் இது. சந்தேகப்பட்டவர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் யார்மீதும் பழி சொல்லவில்லை. தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டார். அந்தப் பெரியவரும் அதைத்தான் செய்தார். நானோ, தொட்டுப் பார்க்கவேண்டிய கையால் ஒருவனைச் சுட்டிக் காட்டினேன். பொருளின்மேல் வரும் சந்தேகம் நம்மை விசாரிக்க வைக்கிறது. மனிதன்மேல் வரும் சந்தேகம் பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அதிலும் நம் கையைத் தவிர மற்ற எல்லாக் கைகளையும் சந்தேகிப்பதற்குச் சந்தேகம் என்று பெயரில்லை. அது வெறும் ஆணவம்.

மறுநாள் அந்த இளைஞனிடம் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் அந்த நேரமாகப் பார்த்துப் போனேன்.

"பரவால்ல சார்" என்று சிரித்தான்.

இன்றும் என் வண்டியை அவன்தான் பார்க்கிறான். ஆனால் இப்போதெல்லாம், எதைக் கழற்றினாலும் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்து, "பாத்துக்குங்க சார்" என்கிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான். வளைந்த உலோகத்தைச் சமமாக்க ஓர் எமரித் தாள் போதுமாயிருந்தது. அந்தச் செய்தித்தாளை அவன் விரிக்காமல் இருக்கும் நாளுக்காக நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.