மூக்கைக் கட்டு, கதவைத் திற!

எழுந்திரு தம்பி! கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, போனில் சார்ஜ் ஏறுகிறது. சமையலறை மூலையில் நிற்கும் ஃபிரிட்ஜை மட்டும் வீட்டில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு டெல்டா கிராமங்களில் அது வாரக்கணக்கானது. மின்சாரம் போனால் மூடிய ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர், திறக்காமல் இருந்தால், 48 மணி நேரம். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் வஞ்சிரத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த இடத்தில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்றால் ‘மனசும் ஒரு ஃபிரிட்ஜ்தான்’ என்று ஆரம்பித்துவிடுவார். நான் மாட்டேன். ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜ்தான், நாற்றம் நாற்றம்தான். உன் துணிச்சலை இன்று அதனிடம் காட்டு! ‘அம்மா பார்த்துக்கொள்வாள்’ என்று நழுவாதே. வேலைக்கு வரும் அக்காவுக்காகக் காத்திராதே. அவர்களுக்கும் மூக்கு இருக்கிறது. மூக்கில் ஒரு துணியைக் கட்டு, கையில் உறையை மாட்டு, ஜன்னலைத் திற.

எதிரே இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீன் வாடைக்குப் பெயர் டிரைமெத்திலமின். கறி அழுகினால் புட்ரெசின், கடாவெரின். 1885-இல் லுட்விக் பிரீகர் என்ற ஜெர்மன் மருத்துவர் பெயர் வைத்தவை. இவை காரத்தன்மை கொண்டவை, அமிலம் பட்டால் அடங்கும். மீன் கழுவிய கையில் உன் பாட்டி புளி தேய்த்தாளே, அது சுத்தமான வேதியியல்! கெட்டுப்போன பாலின் வாடையோ அமிலம். அதை அடக்க ஆப்ப சோடா. ஆனால் வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்காதே. நுரை பொங்கும், பார்க்க ஜோராக இருக்கும், ஒன்றையொன்று தின்றுவிட்டு இரண்டும் வீணாகும். தனித்தனியாகப் பயன்படுத்து.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. கம்ப்ரசர்வரை வெள்ளம் ஏறியிருந்தால் மெக்கானிக் பார்க்கும்வரை அதைத் திரும்பச் சொருகாதே, அது வீரமல்ல. மீன், கறி, பால், மிச்சக் குழம்பு எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி வெளியேற்று. முகர்ந்து பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று ஒரு டப்பாவைக்கூடத் திரும்ப வைக்காதே. நோய் தரும் கிருமிகள் பல, வாடையே காட்டாது. ஃப்ரீசரில் பனி ஒட்டியிருந்தால் கத்தியால் குத்தாதே! ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அந்தச் சுவருக்குள்தான் கேஸ் ஓடுகிறது. இன்று பல மாடல்களில் அது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். தானாக உருகட்டும்.

தட்டுகளைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவு; கண்ணாடித் தட்டு குளிர் விட்டபிறகே வெந்நீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து உள்சுவரைத் துடை. அது காய்ந்ததும், சரிபாதி தண்ணீர் கலந்த வினிகரால் இன்னொரு முறை. பிளீச் போட வேண்டும் என்று தோன்றினால் 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். வினிகரின் ஈரம் இருக்கும்போது மட்டும் வேண்டவே வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும்.

இவ்வளவு செய்தும் நாறும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். நீ விடாதே! நாற்றம் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. கதவு ரப்பரின் மடிப்பை விரித்துப் பார், கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும். பழைய டூத்பிரஷால் தேய். உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சிறு துளை தெரிகிறதா? உருகிய நீர் அது வழியாகத்தான் இறங்கும். மீன் ரத்தமும் அதே வழியில் இறங்கியிருக்கும். சோடா நீரை மெல்ல ஊற்று. பிறகு ஃபிரிட்ஜின் பின்பக்கம் போ. கம்ப்ரசருக்கு மேலே ஒரு ட்ரே இருக்கும். சொந்த ஃபிரிட்ஜிலேயே அதைப் பார்த்திராதவர்கள் ஏராளம். ஊரைக் கூட்டும் வாடை அங்கிருந்தும் வரலாம். கழுவு!

ரூம் ஸ்பிரேயைத் தொடாதே. மல்லிகை மணத்தோடு சேர்ந்து நாறும், அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்துக் காயவிடு. குழந்தைகள் உள்ள வீடென்றால் கண்ணை எடுக்காதே. கிண்ணத்தில் அடுப்புக்கரித் துண்டுகளும் கசக்கிய செய்தித்தாளும் வை. இரண்டு மூன்று நாள் பொறு, தாளை மாற்று, மறுபடி துடை.

அப்படியும் போகவில்லையா? அழுகல் நீர் சுவருக்குள் இருக்கும் ஃபோமில் இறங்கிவிட்டது. அதை யாராலும் கழுவ முடியாது. பழைய சாமான்காரரைக் கூப்பிடு, உன்மேல் குறையில்லை. நாற்றம் போய்விட்டதென்றால் பிளக்கைச் சொருகு, உள்ளே 4 டிகிரிக்கு இறங்கும்வரை எதையும் வைக்காதே. அதற்குள் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பு. இந்த வாரம் மீன் வாங்குவதும் நீதான்.