ஜாடை எங்கே இருக்கிறது?

கேலிச்சித்திரம் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூக்கில்தான் கை வைக்கிறார்கள். யாரை வரைந்தாலும் மூக்கு நீளும், காது விரியும், பல் வெளியே வரும். பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஆள் யாரென்று கீழே பெயர் எழுதியாக வேண்டும். பெரிதாக்கக் கை பழகிவிட்டது, கண் இன்னும் பார்க்கப் பழகவில்லை.

எல்லா முகத்துக்கும் பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது. கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் அமைந்திருக்கின்றன. புதிதாக வரைபவர்கள் அவற்றை மேலே ஏற்றிவிடுவார்கள். முடிக்குள் மறைந்த மண்டை அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் வைக்குமளவு இடம். காதின் மேல்முனை புருவத்துக்கும் கீழ்முனை மூக்கடிக்கும் ஏறக்குறைய நேராக நிற்கும். இந்தக் கணக்கு மனத்தில் படிந்த பிறகுதான், எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த இடத்தில் அதை மீறுகிறார் என்பது கண்ணில் படும். ஜாடை அந்த மீறலில்தான் இருக்கிறது.

1980-களில் சூசன் பிரென்னன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கணினிக்கே கற்றுக்கொடுத்தார். பல முகங்களின் சராசரியோடு ஒருவர் முகத்தை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் அவருடைய நிரல் பெரிதாக்கியது. பிறகு நடந்த சோதனைகளில், உள்ளது உள்ளபடி வரைந்த கோட்டுப்படத்தைவிட மிகைப்படுத்திய படத்தைப் பார்த்தவர்கள் தெரிந்த ஆளைச் சீக்கிரமாகச் சொன்னார்கள்.

பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஷார்ல் ஃபிலிப்போனுக்கு இது முன்பே தெரியும். 1831-இல், மன்னர் லூயி ஃபிலிப்பை இழிவுபடுத்தியதாக அவர்மேல் வழக்கு. நீதிமன்றத்தில் நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதலாவது மன்னரின் முகம். அடுத்ததில் தாடை கொஞ்சம் இறங்குகிறது, உச்சி குறுகுகிறது. நான்காவது வெறும் பேரிக்காய். எந்தப் படத்திலிருந்து குற்றம் தொடங்குகிறது என்பதே அவர் வாதம். ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனாலும் பேரிக்காய் பாரிஸ் சுவர்களில் ஏறிவிட்டது. மன்னருக்கு அதுவே முகமானது.

அதிகாரத்தின் முகத்தை அப்படி வரையலாம், வரையவும் வேண்டும். அதே கண்ணை அன்போடும் திருப்பலாம். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி வரைந்த சங்கீத வித்வான்களைப் பாருங்கள். பாட்டில் தன்னை மறந்தவரின் வாயும் கழுத்தும் போகும் போக்கை, ரசித்துக் கேட்ட ஒருவரால்தான் அப்படிப் பிடிக்க முடியும்.

நாமோ எதிர்த்திசையில் போகிறோம். ஸ்டூடியோவில் மச்சத்தை அழிக்கச் சொல்கிறோம். கைப்பேசி தாடையைச் செதுக்குகிறது, தோலை வழவழப்பாக்குகிறது, கண்ணைப் பெரிதாக்குகிறது. கல்யாண ஆல்பங்களில் அக்காவும் தங்கையும் மணப்பெண்ணும் ஒரே முகமாகிக்கொண்டிருக்கிறார்கள். எதை நம் குறையென்று மறைக்கிறோமோ, கூட்டத்தில் நம்மவர்கள் நம்மைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். சராசரிக்குள் ஒடுங்கிய முகம் அழகாக இருக்கலாம். அது யாருடையதாகவும் இருக்காது.

வரையத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிரபலங்களின் புகைப்படத்தை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர் ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். பென்சிலை எடுக்கும் முன் அவரை நன்றாகப் பாருங்கள். அவரிடம் மட்டும் இருப்பது என்னவென்று தெரிந்த பிறகு முதல் கோட்டைப் போடுங்கள்.