பச்சை குத்திய கையும் நோயாளரின் நம்பிக்கையும்

மருத்துவத் தொழில் புரிவோருக்குக் கண்ணியமான தோற்றம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின் அத்தோற்றம் யார் பொருட்டு வேண்டப்படுகின்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. தாதியரின் முன்கையில் பச்சை குத்தப்பட்டிருப்பின் அதனை மறைத்தல் வேண்டும் என மேனாட்டு வைத்தியசாலைகள் பல விதித்து வந்துள்ளன. கூறப்பட்ட காரணம் நோயாளரின் நம்பிக்கை.

இவ்விதிக்கு இங்கிலாந்தில் எதிர்பாராத இடையூறொன்று நேர்ந்தது. கைவழியே கிருமி பரவுதலைத் தடுக்கும் பொருட்டு, நோயாளரைத் தொட்டுப் பணிபுரிவோர் முழங்கைக்குக் கீழே வெறுங்கையராய் இருத்தல் வேண்டும் என 2007ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் வழிகாட்டியது. நீண்ட கைகளையுடைய வெள்ளை மேலங்கியும் கைக்கடிகாரமும் விலக்கப்பட்டன. (அதற்கான ஆய்வுச் சான்று போதாதென வாதிட்ட வைத்தியரும் உளர்; அது வேறு விவாதம்.) தூய்மை கையைத் திறக்கச் சொல்லிற்று; கண்ணியம் அதே கையை மூடச் சொல்லிற்று. நோயாளரின் படுக்கையருகே தூய்மையே முந்தியது.

நம்பிக்கை பற்றிய வாதமும் எண்ணப்பட்ட அளவு உறுதியானதன்று. படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்ட ஆய்வுகள் சிலவற்றில் பச்சை குத்தியோர் குறைவாக மதிக்கப்பட்டனர் என்பது உண்மையே. ஆனால் 2018இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர் சிலர் போலிப் பச்சையுடனும் அஃதின்றியும் மாறிமாறிக் கடமையாற்றினர். நோயாளரிடம் பச்சையைப் பற்றி வினவாது, வைத்தியரின் திறமை, பரிவு முதலியன பற்றியே வினவினர். விடைகளில் வேறுபாடு புலப்படவில்லை. படத்திலுள்ள முகமறியாதவரை மதிப்பிடும் மனநிலையும் தம் காயத்துக்குக் கட்டுப் போடுபவரை மதிப்பிடும் மனநிலையும் ஒன்றல்ல போலும்.

இதனால் எதனையும் குத்திக்கொள்ளலாம் என்பது பெறப்படாது. நோயாளர் தம் தாதியைத் தெரிந்தெடுப்பதில்லை. எழுந்து அப்பாற் செல்லவும் அவரால் இயலாது. ஓரினத்தை இழிவுபடுத்தும் சின்னம் பொறித்த கை அவ்வினத்தவர் ஒருவரின் நாடியைப் பிடிக்குமாயின், அவர் அடையும் அச்சம் வெறும் விருப்பின்மையன்று. அவரது இயலாமையின்மீது இழைக்கப்படும் கொடுமை. அங்கே தடை நியாயமானது. நியூசிலாந்தின் மாவோரிப் பெண்கள் மோவாயில் தாங்கும் பச்சையோ குலவழியைக் கூறுவது. அதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் நோயாளருக்கு இழைக்கப்பட்ட தீங்கு யாது? அவர் மனம் கோணாதிருத்தற்காக மற்றொருவர் தம் முன்னோரை மறைத்தல் வேண்டும் என்பது நீதியாகாது.

இடைப்பட்ட நிலையே கடினமானது. பச்சை குத்தியவரெல்லாம் குற்றவாளிகள் என்று நம்பி வளர்ந்த முதியவரொருவர், மரணப் படுக்கையில் ஒரு தாதியின் கையைக் கண்டு நடுங்குகின்றார். அந்நம்பிக்கை தவறானது, நடுக்கம் மெய்யானது. அவ்வேளையில் அவருக்கு உபதேசம் செய்வார் இலர். தாதி தாமே விலகி, சக தாதியொருவரை அனுப்பக்கூடும். அது அவர் மனமுவந்து செய்வது. அதனையே நிருவாகம் எல்லாத் தாதியர்க்கும் விதியாக்க முற்படின், எந்நோயாளரின் எவ்வச்சத்துக்காக எந்தக் கையை மறைப்பது என்பதை எழுத்தில் வரையறுக்க நேரும்.