காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

ஒரு பொருளை ‘இல்லை’ என்று கூறுவதற்கு எவ்வளவு தேடியிருக்க வேண்டும்? உஸூல் கலை பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. காணாமை என்பது இல்லாமைக்குச் சான்றாகாது என்னும் விதி அவர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் வரும் நபிமொழிகளுக்கு மூலம் தேடிய ஹாபிழ் ஸைனுத்தீன் இராக்கி (ரஹ்) அவர்கள், கிட்டாத இடங்களில் தாம் அதன் மூலத்தைக் காணவில்லை என்று எழுதுவது வழக்கம். தம் தேட்டத்தின் எல்லையையே அவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஹிஜ்ரி 806இல் மறைந்தார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் முர்தளா ஸபீதி (ரஹ்) அவர்கள் அதே நூலுக்கு விரிவுரை எழுதியபோது அத்தேட்டத்தைத் தொடர முடிந்தது.

இன்று நம் கீழ்பென்னாத்தூரிலும் ஏடு புரட்டும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. பாட்டனார் பெயரிலுள்ள பத்திரத்தைக் கேட்டு ஒருவர் எங்கேனும் சென்றால், “கம்ப்யூட்டரிலேயே இல்லை” என்ற விடை கிடைக்கலாம். அந்த ஏகாரத்தில்தான் எத்தனை உறுதி! கேட்டவரோ உரிமையை இழந்தவராக, சில வேளை பொய்யராகவும் எண்ணப்பட்டு, வீடு திரும்புகின்றார்.

கணினி உண்மையில் என்ன சொன்னது என்பதை நாம் ஆராய வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளில் கட்டளைகளைத் தட்டித் தேடும் முறை உண்டு. ‘ஃபைண்ட்’ என்னும் கட்டளை நாம் காட்டிய அடைவிலிருந்து புறப்பட்டு, அதற்குள் அடங்கிய ஒவ்வோர் அடைவிலும் புகுந்து பார்க்கும். காட்டாத பக்கம் போகாது. ‘லொகேட்’ நேரில் செல்வதில்லை. முன்னரே, பெரும்பாலும் நாளுக்கொரு முறை, எழுதி வைத்த பட்டியலை நோக்கியே விடை சொல்லும். ஆகவே இன்று காலை வந்த கோப்பை அது அறியாதிருக்கக்கூடும். கென் தாம்சன் என்பார் 1973 அளவில் ஆக்கிய ‘கிரெப்’ கோப்புக்குள்ளிருக்கும் எழுத்துகளைத் தேடும். ஆனால் நிழற்படமாக எடுத்துச் சேர்த்த பத்திரத்தில் அதற்கு எழுத்தே தென்படாது.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘கீழ்பென்னாத்தூர்’ என்பாரும் உளர். ‘கீழ்பெண்ணாத்தூர்’ என்பாரும் உளர். இடையில் ஒற்று மிகுத்து எழுதுவாரும் உளர். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஓர் ஊர். கணினிக்கோ மூன்று வேறு சொற்கள். ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் சேர்க்கலாம், ஒரே குறியாகவும் சேர்க்கலாம். திரையில் வேறுபாடு தோன்றாது. தேடலில் ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாமற் போகும். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளின் கதி இன்னும் மோசம். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய ஆவணம் பழைய மாவட்டப் பெயரால் அடுக்கப்பட்டிருந்தால், ‘திருவண்ணாமலை’ என்ற அடைவில் தேடுவோர் என்ன காண்பர்?

இங்ஙனமாயின் எவரும் எதையும் ‘இல்லை’ என்றே சொல்லலாகாதா, உலக நடைமுறை நின்றுவிடாதா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மன்திக் கலையார் முழு ஆய்வு என்றும் குறை ஆய்வு என்றும் இரண்டாகப் பிரிப்பர். எல்லை தெரிந்த ஓரிடத்தை ஒன்று விடாமல் பார்த்து முடித்தவர் ‘இங்கே இல்லை’ எனலாம். அதில் குற்றமில்லை. ‘இங்கே’ என்ற சொல்லை விழுங்கிவிடுவதே குற்றம்.

வியப்பு யாதெனில், இவ்வேறுபாட்டைக் கணினி தானே பேணுகின்றது. தேடியது கிடைத்தால் ‘கிரெப்’ 0 என்னும் எண்ணையும், கிடைக்காவிடில் 1ஐயும், பார்க்கவே இயலாமல் பிழை நேர்ந்தால் 2ஐயும் குறித்து வைக்கும். இவ்வெண் திரையில் வருவதில்லை, கேட்டால்தான் சொல்லும். ‘ஃபைண்ட்’டும், அனுமதியற்ற அடைவை அடைந்தால், அங்கே நுழைய விடவில்லை என்று ஒரு வரி எழுதும். அத்தகைய வரிகள் மிகுந்து திரையை அடைக்கின்றன என்று கருதி, அவற்றைக் கண்ணில் படாமல் வெற்றுக்குழியில் தள்ளிவிடும் சுருக்குவழி பலர் கையில் உள்ளது. வேலைக்கு அது வசதிதான். ஆயினும் அவ்வாறு தள்ளிவிட்டுப் பிறர் உரிமையைப் பற்றி ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிடுவோரைப் பொய்யர் என நாம் சொல்லோம்; சாட்சி சொன்னவர் என ஏற்கவும் மாட்டோம். எந்த அடைவில், எந்தெந்த எழுத்துக்கூட்டலில், எந்த நாளில் தேடினார், எத்தனை இடங்களில் நுழைய முடியவில்லை என்னும் நான்கையும் அந்தத் தாளிலேயே எழுதித் தரும்படி கேட்க, பத்திரம் தேடி வந்தவருக்கு உரிமையுண்டு.