ஊரோடு கூடிச் செய்யும் அறம்

 

வரும் வைகாசிப் பௌர்ணமிக்குள் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றில் நற்பணி தொடங்க வேண்டும் என்று நம் சங்கத்தார் ஆர்வத்தோடு பேசி வருகின்றனர். பணம் திரட்டும் வழி, கட்டடத்தின் அளவு, திறப்பு விழாவுக்கு அழைக்கப்படுவோர் ஆகிய யாவும் ஆராயப்பட்டுவிட்டன. அக்குடியிருப்பில் வாழ்வோர் விரும்புவது யாது என்பது மட்டும் இன்னும் ஆராயப்படவில்லை. ஆதலின் இன்று அது குறித்தே பேசப் புகுகின்றோம்.

மகத நாட்டிலே மசலம் என்னும் சிற்றூரில் பிறந்த மகமாணவகனின் வரலாற்றை ஜாதகக் கதையிலே காண்கின்றோம். ஊரார் கூடியிருந்த இடத்தில் அவன் தன் காலால் புழுதியை ஒதுக்கி, நிற்பதற்கு ஓரிடத்தைத் துப்புரவாக்கினான். வேறொருவன் வந்து அவனை விலக்கிவிட்டு அங்கு நின்றுகொண்டான். மகமாணவகன் சினம் கொள்ளவில்லை. மற்றோரிடத்தைத் துப்புரவாக்கினான்; அதனையும் பிறர்க்கு விட்டான். தான் பெருக்கிய இடத்தில் பிறர் இன்புற்று நிற்பதைக் கண்டு மகிழ்ந்தான். பின்னர் ஊரார் அவனோடு சேர்ந்தனர். அவர்கள் யாவரும் கள்ளை விட்டு, சீலம் காத்து, பாதை செப்பனிட்டனர், பாலம் அமைத்தனர், குளம் வெட்டினர். கள்ளாலும் தண்டத்தாலும் வந்த வருவாயை இழந்த ஊர்த்தலைவன், அவர்களைக் கள்வர் என்று அரசனிடம் கோள் சொன்னான். அரசன் யானையை ஏவினான்; யானையோ அவர்களை மிதிக்கவில்லை.

அந்த நல்லோரும் ஒரு பிழை செய்தனர். வழிப்போக்கர்க்குச் சத்திரம் கட்டும்போது பெண்களுக்குப் பங்கில்லை என்றனர். சுதம்மை என்பவள் கூரை உச்சிக்குரிய முகட்டுக்கட்டையைத் தச்சனைக் கொண்டு முன்னரே செய்து வைத்திருந்தாள். அஃதின்றிக் கூரை முடியாது. விலை தருகின்றோம் என்றனர். விலை வேண்டா, பங்கு வேண்டும் என்றாள். முடிவில் அவளுக்குப் பங்கு கொடுத்தே சத்திரத்தை முடித்தனர்.

இவ்வரலாற்றைப் பலமுறை பிரசங்கித்த நாமே அதன் பொருளை உணராதிருந்தோம். ஆலையில் நூல் நூற்று ஓய்ந்தபின், அன்பர் சிலரோடு ஒரு குடியிருப்பில் இரவுப் பள்ளிக்கெனத் தகரக் கொட்டகை கட்டினோம். பலகை, விளக்கு, சிலேட்டு எல்லாம் வாங்கினோம். இரவு ஏழு மணிக்கு மணியடித்தோம். பிள்ளைகள் வரவில்லை. ஒரு மாதத்தில் கொட்டகையில் ஆடுகள் படுத்தன. "இம்மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை" என்று நாம் சலித்துக்கொண்டபோது, ஒரு மூதாட்டி அருகில் வந்து, "நீங்க கேக்கவே இல்லையே, ஐயா. குழாயில தண்ணி வர்றது அந்த ஏழு மணிக்குத்தான். குடத்தோட நிக்கிற பிள்ளை எப்படிப் படிக்க வரும்?" என்றாள். நாம் தலைகுனிந்தோம். மறுநாள் அவ்வூர்ப் பெண்களைக் கூட்டி நேரம் கேட்டோம். அவர்கள் விடியற்காலையைக் குறித்தனர். அவர்களுள் இருவரே விளக்கேற்றும் பொறுப்பையும் ஏற்றனர். அதன் பிறகே அது பள்ளியாயிற்று.

சிறியோராகிய நம் பிழை ஒரு கொட்டகையோடு போயிற்று. பெருந்திட்டங்களில் இதே பிழை எத்துணை பெரிதாகும் என்பதை நம் மேற்கு எல்லையிலே காணலாம். கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாகச் சென்றால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வரும். இருளர், முதுகர், குறும்பர் ஆகியோர் வாழும் மலைநாடு அது. அவர்கள் நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறிற்று, காடு அழிந்தது, ஓடைகள் வறண்டன. அரசின் பணம் ஆண்டுதோறும் வந்தும், அதில் எவ்வளவோ ஒப்பந்தக்காரர் கையிலே நின்றுவிட்டது.

1996ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, சுமார் 219 கோடி ரூபாய்ச் செலவில், அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கத்தின் வழியே ஒரு பெருந்திட்டம் தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகள் தாமதத்திலே கழிந்தன. பின்னர் ஊர்தோறும் 'ஊர் விகசன சமிதி' அமைத்தனர். வீடு கட்டும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் அச்சமிதிகளிடம் ஒப்படைத்தனர். தாம் குடியிருக்கப் போகும் வீட்டைத் தாமே மேற்பார்த்தவர் சிமெண்டில் கலப்படம் செய்வரோ? மண்ணரிப்பைத் தடுத்து மரம் நட்டபின், வறண்ட கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீரோடிற்று.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 2010ஆம் ஆண்டோடு திட்டக்காலம் முடிந்தது. நிதி நின்றதும் சமிதிகளின் ஊக்கமும் தளர்ந்தது. 2013ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மாண்ட செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் ஊட்டக்குறைவும் இரத்தச்சோகையும் பெருங்காரணங்கள் எனப்பட்டன. கேழ்வரகும் சாமையும் தினையும் விளைத்து உண்டவர்கள், நிலமிழந்து ரேஷன் அரிசியை நம்பியதன் விளைவு அது.

அன்பர்களே! ஆளவி நகரிலே பசித்து வந்த உழவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, பின்னரே பகவான் தம்மம் உரைத்தார் என்பதை நாம் அறிவோம். அட்டப்பாடியிலும் குடும்பஸ்ரீ இயக்கத்தின் வழியே ஊர்தோறும் சமூக அடுக்களைகள் எழுந்தன. சமைத்தவர்கள் அவ்வூர்ப் பெண்களே. கர்ப்பிணி யார், பால் கொடுக்கும் தாய் யார், நடக்கவியலாத முதியோர் யார் என்பதை அவர்கள் பட்டியலைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. பின்னர் ஊர்ச் சமிதிகள் அமைத்து, சிறுதானிய வேளாண்மையையும் மீட்கத் தொடங்கினர். 2016ஆம் ஆண்டில், தம் ஆடவரைக் கெடுத்த ஆனைகட்டி மதுக்கடைக்கு எதிராக அட்டப்பாடிப் பெண்கள் எல்லை கடந்து வந்து போராடினர், கடை மூடப்பட்டது. துயரம் முற்றும் நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை. பின்வந்த ஆண்டுகளிலும் குழந்தைகள் மாண்டதுண்டு. எனினும் சுதம்மையின் முகட்டுக்கட்டை அங்கே கூரையேறிவிட்டது.

தேனி மாவட்டத்தை அடுத்த இடுக்கியில் இன்னொரு பாடம் உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்திலே காட்டு மரப்பட்டையைத் திருட்டாக உரித்து விற்றுவந்த இருபத்துமூவர், வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்தனர். 1996 முதல் 2004 வரை நடந்த சூழல்மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வனத்துறையினர் அவர்களோடு அமர்ந்து பேசினர். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அவர்களே 1998 முதல் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலராகவும் ஆயினர். அங்குலிமாலனின் வரலாற்றைக் கேட்டவர்க்கு இது வியப்பன்று. 2002 முதல் அங்கே 'வசந்த சேனை' என்னும் பெண்கள் அணியினர் ஊதியமின்றிக் காடு காத்து வருகின்றனர்.

இவற்றால் நாம் கொள்ளவேண்டுவன எவை? முதலாவது, கொடுப்பதற்கு முன் கேட்டல். இரண்டாவது, பெண்களையும் முதியோரையும் கூட்டத்தின் நடுவில் அமர்த்துதல். மூன்றாவது, வந்த காசும் சென்ற காசும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்படுதல். நான்காவது, விலகும் நாளை முதல் நாளிலேயே எண்ணுதல். ஆலையிலே ஷிப்டு மாறும்போது, ஓடும் இயந்திரத்தை அடுத்தவன் கையில் ஒழுங்காக ஒப்படைத்துச் செல்பவனே நல்ல தொழிலாளி. "நான் போனால் இது நின்றுவிடும்" என்று பெருமை பேசுபவன் இயந்திரத்தையும் அறியான், தன்னையும் அறியான்.

சகோதரர்களே! நமக்கு வேண்டியது இன்னதென்று நம்மைக் கேளாமலே பிறர் முடிவு செய்த காலத்தை நாம் மறந்தோமா? நம் தெருவுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே பேசிச் சென்றதை நம் தந்தையர் மறந்தாரா? அந்த இழிவினின்று விடுபடவே தம்மத்தைச் சரணடைந்தோம். இன்று நாம் கொடுப்பவராக மற்றொரு குடியிருப்பின் வாயிலில் நிற்கும்போது, அதே இழிவைப் பிறர்க்குச் செய்யலாகுமோ?

ஆதலின் கட்டட வரைபடத்தை இப்போதைக்குச் சுருட்டி வையுங்கள். வரும் ஞாயிறன்று வெறுங்கையோடு அக்குடியிருப்புக்குச் செல்வோம். தரையில் அமர்வோம். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். பௌர்ணமிக்குள் பணி தொடங்காவிடினும் குறையில்லை.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க!